இரண்டரை அறை

வாடகைத் தாளில் இரண்டரை அறை என்று போட்டிருந்தது.
இரண்டைக் கண்டுபிடித்துவிட்டோம்.
அரையைக் காணவில்லை.

சாவி தந்த பெண் கையை விசிறி
அடுப்புக்கும் சன்னலுக்கும் நடுவே
எதையோ காட்டினாள்.
அங்கே ஒரு மேசை வைக்கலாம். வைத்தால்
ஆள் பக்கவாட்டில்தான் போகவேண்டும்.
சுவிசில் அதற்கும் கணக்கு உண்டு,
கணக்கிருந்தால் வாடகையும் உண்டு.

பழைய வீடு நாலரை.
இருபத்திரண்டு வருசம்.
ஒப்படைக்கிற அன்று விடிய எழும்பி
சுவரின் ஆணி ஓட்டைகளைப் பற்பசையால் அடைத்தேன்.
ஆரபியின் முதல் பிறந்தநாள்,
நிரோஜன் தொப்பி போட்டுப் பட்டம் வாங்கியது,
என் தம்பி.
பெரிய ஓட்டை முருகனுடையது,
அதற்கே அரைக் குழாய் போயிற்று.
பார்க்க வந்தவர் வெதுப்பிக்குள் விரலை ஓட்டி
முகர்ந்து பார்த்தார்.
சுவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த குடித்தனக்காரருக்கு
கொஞ்சநாள் புதினா மணத்திருக்கும்.

ஐம்பத்தேழு வயது.
மாதக் கணக்கு நின்றுபோயிற்று.
தை மாத நடுச்சாமத்தில்
எனக்குள் யாரோ விறகடுப்பு மூட்டுகிறார்கள்.
எழுந்து சன்னலைத் திறக்கிறேன்.
"பனி உள்ள வருதப்பா" என்று
போர்வைக்குள் இருந்து தயாபரன்.
"வரட்டும்."
அப்போதுதான் எம்மெ ஆற்றின் சத்தம்.
புர்க்டோர்ஃபில் முப்பது வருசம்,
இரவு வேலைக்கும் விடியல் வேலைக்கும் ஓடினவளுக்கு
ஆறென்றால் பாலம்தான்.
அதற்கு வாய் இருப்பது
இந்தச் சூட்டினால்தான் தெரியவந்தது.

முருகன் இப்போது அலமாரியில்,
கோப்பித்தூளுக்கு மேல்தட்டு.
கதவைத் திறந்தால் சன்னதி, மூடினால் கிண்ணங்கள்.
புகை பட்டால் மணி கத்தும்,
அதனால் பற்றரி விளக்கு.
முதல் வெள்ளிக்கிழமை அதைத் தட்டிவிட்டுக்
கண்ணை மூடினேன்.
வாயில் ஒன்றும் வரவில்லை.

முன்பெல்லாம் பட்டியலோடுதான் நிற்பேன்:
விசா, வதிவிட அனுமதி, சீட்டுக்காசு,
மகனின் கணக்குச் சோதனை,
மகளுக்குச் சுகப்பிரசவம்.
அவனும் தந்தான், தராமலும் இருந்தான்.
தம்பி விசயத்துக்குப் பிறகு
ஆறு வருசம் நான் அவனோடு கதைக்கவில்லை,
ஆனால் படத்தைத் துடைக்காமல் விட்டதில்லை.
இன்று பட்டியல் இல்லை.
காசை மறந்து
பையை மட்டும் கடைக்குக் கொண்டுவந்தவள்போல நின்றேன்.
வெட்கமாயிருந்தது.

கடைசியில்
"ஆறு பன்னிரண்டு பஸ் நேரத்துக்கு வந்தது" என்றேன்.
"கீழ்வீட்டு ஸ்டெட்லர் அம்மா
சலவை அறைச் சாவியை ஒரு நாள் முந்தியே
என் கதவில் தொங்கவிட்டிருக்கிறா.
அவர் போனபிறகு உடுப்புக் குறைவாம்.
பருப்பு இன்று பதமாய் அவிந்தது.
வேறென்ன…
வேறொன்றுமில்லை."
கேட்டானோ தெரியாது.
கோப்பித்தூள் மணத்தது.
இவ்வளவு சின்ன விசயங்களை அவனிடம் சொல்ல
எனக்கு முன்பு நேரம் கிடைத்ததேயில்லை.

மேசையை அங்கேதான் போட்டோம்.
நான் இருந்து வெங்காயம் உரிக்கிறேன்.
தண்ணீர் குடிக்கத் தயாபரன் வந்தால்
வயிற்றை எக்கி, பக்கவாட்டில் திரும்பி,
முழங்கால் நோவுக்கு என் தோளைப் பிடித்துக் கடக்கிறார்.
திரும்பிப் போகும்போதும் அப்படித்தான்.
நாலரை அறையில்
நாங்கள் முட்டிக்கொள்ளாமல் வாழ்ந்தோம்.
இப்போது அவருக்கு அடிக்கடி தாகம் எடுக்கிறது.

முழங்கால் ஸ்கான் முடிவு செவ்வாய்க்கிழமை வரும்.
அதற்கு ஒரு விண்ணப்பம் இருக்கிறது,
இல்லையென்று சொல்லமாட்டேன்.
செவ்வாய் காலை போடுவேன்.

இன்று வெள்ளி.